தேன் சீனி இல்லையாம்

கண்ணாடிக் குழலுக்குள் சிறுநீர் விட்டுக் கொதித்த நீல மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியதும் அச்சிமுகம்மது இடுக்கியைக் கீழே வைத்தார். ஸ்பிரிட் விளக்கை மூடி போட்டு அணைத்தார். பிறகு எழுந்து வந்து, பாயில் சுருண்டு கிடந்த மனைவி சுபைறாவின் முன்னால் கையை நீட்டினார்.

"தொறப்பத் தா."

"என்ன தொறப்பு?"

"அலுமாரி பூட்டுற தொறப்பு. இனி அது என்ட கையில கிடக்கட்டும்."

சுபைறாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் உச்சந்தலை வரை எரிந்தது. அலுமாரிக்குள் இருந்தது வீட்டுச் சீனிப் போத்தலும், மகள் ஸகியாவுக்குச் சம்பந்தம் பேசிய இடத்துக்கு அனுப்பச் செய்து வைத்த தொதலும் பலகாரமும். அவற்றை இவள் களவாகத் தின்கிறாளாம். உம்மா சீதனமாகக் கொடுத்த தன் வீட்டில், தன் அலுமாரியில், தானே களவெடுக்கிறாளாம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"நான் ஒரு துண்டும் தொடல்ல," என்றாள். சொல்லி முடிக்க முன்னரே இருமல் வந்து கதையை அறுத்தது.

"அப்ப இது என்ன நிறம்? போன வெள்ளிக்கிழம நீலமா இருந்திச்சு. நான் காய்ச்சிப் பாத்ததுதானே. தண்ணி பொய் சொல்லுமா? களவாத் திண்டுபோட்டு மூஞ்சப் பாத்துக் கதைக்கிறா."

பக்கத்தில் நின்ற அவருடைய ராத்தா நாச்சியா நாடியில் கை வைத்துக்கொண்டாள். "ஆசயில ஒரு துண்டு திண்டிருப்பாள், உடு தம்பி. வருத்தக்காரிட நாக்குக்கு என்ன தெரியும்," என்றாள். சமாதானம் பேசுகிறாளாம். தம்பியின் ஏச்சை விட ராத்தாவின் சமாதானம் கூடச் சுட்டது. தன் ஊர் அட்டாளைச்சேனைக்குத் திரும்பிப் போனால் நாச்சியா இந்தக் கதையைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே சொல்லி முடிப்பாள். சுபைறா மகளைப் பார்த்தாள். ஸகியா குனிந்த தலை நிமிரவில்லை. அவளும் நம்பிவிட்டாள்.

சுபைறா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்தாள். நீட்டிய கையில் வைக்கவில்லை. நிலத்தில் வீசினாள், குனிந்து பொறுக்கட்டும் என்று. அச்சிமுகம்மது குனிந்து பொறுக்கினார்.

நீரிழிவு என்கிற இந்தச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து அவள் வாயைக் கட்டிய கட்டு அந்த வீட்டுச் சுவருக்குத் தெரியும். தேத்தண்ணியை வெறுமனே குடித்தாள். பெருநாளைக்குத் தன் கையால் அவித்த வட்டிலப்பத்தை அடுத்தவர் கோப்பைகளுக்கு வழித்துப் போட்டுவிட்டு விரலைக்கூட நக்காமல் கழுவினாள். கிளினிக்கில் சொல்லித் தந்தபடி வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பது அச்சிமுகம்மதுவின் வேலை. சீனி இல்லாமல் நீலம் நீலமாகவே நின்றால் "பாத்தியா" என்று தானே எதையோ சாதித்தவர் போல ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பெருமை அவருக்கு, பட்டினி இவளுக்கு.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரி அது. சாய்ந்தமருதில் மழை விடாமல் அடித்தது. நனைந்த விறகை இழுத்துப் போடப் போய் சுபைறாவுக்குச் சளித் தடிமன் பிடித்தது. மறுநாள் காய்ச்சல், அதன் பின்னால் இருமல். இருமல் செய்தி அட்டாளைச்சேனைக்கு எட்டியதும் நாச்சியா ஒரு போத்தல் காட்டுத் தேனோடு வந்து இறங்கினாள். காலையில் கரண்டி நிறையத் தேன். அந்திக்குக் கருப்பட்டி தட்டிப் போட்ட மல்லித் தண்ணி. நடுவில் இருமினால் அதற்கும் தேன்.

"மதினி, இது எனக்கு ஆகுமா?" என்று சுபைறா முதல் நாளே கேட்டிருந்தாள்.

"சீனி வருத்தத்துக்கு ஆகாதது சீனிகா. இது தேன். பூவில இருந்து வந்தது. கருப்பட்டி மரத்தில இருந்து வந்தது. கடையில சாக்கில கிடக்கிற சீனி எங்க, இது எங்க?"

வீட்டில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சுபைறாவும்தான் ஆட்டினாள். வருத்தத்துக்குச் சீனி என்று பெயர் வைத்தால் வெள்ளையாய்க் கடையில் கிடப்பது மட்டும்தானே எதிரி. அந்தப் பெயரை வைத்தவனைக் கண்டால் நாலு கேட்க வேண்டும். இது போதாதென்று அச்சிமுகம்மது, சீனிக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசையையும் நிறுத்திவிட்டார். "வெறும் கஞ்சி குடிச்சிக் கிடக்கிறவளுக்குக் குளிச எதுக்கு? மயங்கி விழவா?" என்று கேட்டு, குளிசைப் போத்தலைக் கூரைச் சட்டத்தின் மேல் எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒரே தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஒன்றுக்குப் போக வளவுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள், நாக்கு மட்டும் காய்ந்தே கிடந்தது. திறப்புப் போன அன்று முழுக்கவும் ஒரே நினைப்பு. செத்தாலும் சாகலாம், கள்ளி என்ற பெயரோடு சாக ஏலாது. விடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு மழையில் இறங்கி றோட்டுக்கு நடந்தாள். ஸகியா குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

கல்முனை ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கரத்தினம் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். சோதனை முடிவு எழுதி வந்த துண்டைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்க முன்னரே சுபைறா சொன்னாள்: "என்ன திண்ட எண்டுதானே கேக்கப் போறீங்க. நான் ஒண்டும் திங்கல்ல."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கல்லயேம்மா. தடிமன் காய்ச்சல் வந்தா உடம்பே சீனிய ஏத்திப் போடும். பட்டினி கிடந்தாலும் ஏறும்."

சுபைறா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தின்னாமலும் ஏறுமா?"

"ஓம். இருமலுக்கு என்ன எடுத்தீங்க?"

"தேன். மறுகா கருப்பட்டி போட்ட மல்லித் தண்ணி."

டாக்டர் பேனையை வைத்தார். "தானா ஏறுற நேரத்தில அள்ளியும் ஊத்தியிருக்கீங்க. தேனும் சீனிதான், கருப்பட்டியும் சீனிதான். கடையில விக்கிற இருமல் பாணியும் அப்படித்தான், கேக்காம வாங்கிக் குடிக்க வேணாம். குளிச ஒழுங்காப் போட்டீங்களா?"

"சாப்பாடு இல்லாததால இவட வாப்பா நிப்பாட்டினார்."

"அவர் டாக்குத்தரோ?"

ஸகியாவின் முகம் கறுத்தது. டாக்டர் அவளைப் பார்த்தே மிச்சத்தைச் சொன்னார். தடிமனோ காய்ச்சலோ வந்தால் குளிசையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. சாப்பிட முடியாவிட்டால் உடனே வந்து கேட்க வேண்டும். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெள்ளி வரும் வரை காத்திராமல் நாளாந்தம் காய்ச்சிப் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்தால், மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். "இப்படியே உட்டிருந்தா உங்கட உம்மாவ நினைவில்லாமத்தான் தூக்கி வந்திருப்பீங்க," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஸகியா உம்மாவின் கையைப் பிடித்தாள். "உம்மா, நானும் நினச்சிட்டன்..."

"பேசாம வா," என்றாள் சுபைறா. கோபம் இறங்கவில்லை. இறங்கவும் அவள் விடவில்லை. அறியாமல் தேன் தந்ததை மன்னிக்கலாம். தானும் அறியாமல்தானே குடித்தாள். தந்துவிட்டுக் கள்ளி என்றதை எப்படி மன்னிப்பது? டாக்டர் சொன்னார் என்று போய்ச் சொன்னால் நம்புவார்களா? இந்தப் பொம்பளை எதையோ சொல்லித் தப்பப் பார்க்கிறாள் என்பார்கள். தண்ணீர் பொய் சொல்லாது என்றாரே மனிசன். அந்த வார்த்தை இருமலை விட மோசமாக நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. வீடு வந்து சேர முன் அதற்கு என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது.

அச்சிமுகம்மது வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாச்சியா தேன் போத்தலோடு வாசலுக்கே வந்தாள்.

"எங்ககா போனீங்க மழைக்குள்ள? இந்தா, ஒரு கரண்டி குடி."

"தாங்க மதினி," என்று சுபைறா போத்தலையே வாங்கினாள். "ஸகியாட வாப்பா, இஞ்ச வாங்க. விளக்கப் பத்த வைங்க."

"இன்னொருக்காக் காய்ச்சவா?"

"ஓம். நீங்கதான் காய்ச்சணும். நான் காய்ச்சினா நம்ப மாட்டீங்க."

கோப்பையில் நல்ல தண்ணீர் எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரு கரண்டி தேனை விட்டுக் கலக்கினாள். அதில் சில சொட்டை நீல மருந்துக்குள் விட்டுக் குழலை அவர் கையில் கொடுத்தாள். அச்சிமுகம்மது ராத்தாவைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், நெருப்பில் பிடித்தார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளாவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. குழல் முழுக்கச் செங்கல் நிறம்.

"நான் சீனி போடல்லயே," என்றாள் நாச்சியா. அவள் குரல் தேய்ந்திருந்தது.

"நீங்க போடல்ல மதினி. தேன்தான் களவாச் சீனி திண்டிருக்கும்," என்றாள் சுபைறா. "ஸகியாட வாப்பா, தேன் போத்தலுக்கிட்டத் தொறப்ப வாங்குங்க."

ஸகியாதான் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், குளிசைக் கதை உட்பட. அச்சிமுகம்மது எழுந்து போய்ச் சட்டத்தின் மேலிருந்து குளிசைப் போத்தலை எடுத்து வந்தார். மடியிலிருந்து திறப்பையும் எடுத்து இரண்டையும் பாயில் வைத்தார்.

"எனக்கு என்ன தெரியும்," என்றார்.

"தெரியாட்டிக் கேட்டிருக்கணும். களவு எண்டு சொல்ல மட்டும் ஆரிட்டயும் கேக்காமத் தெரிஞ்சிச்சே." சுபைறா திறப்பைத் தொடவில்லை. "உங்கட ராத்தாக்கு முன்னால, நான் பெத்த புள்ளக்கி முன்னால சொன்னீங்க. அவங்க நிக்கிறாங்க. இப்ப சொல்லுங்க."

அவர் நிலத்தைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"மழைச் சத்தத்தில கேக்கல்ல."

"சுபைறா எடுக்கல்ல," என்றார் அச்சிமுகம்மது, நாச்சியாவின் முகத்தைப் பார்த்து. "நான் சொன்னது பிழ."

அதற்குப் பிறகுதான் அவள் திறப்பை எடுத்தாள். அலுமாரியைத் திறந்து சீனிப் போத்தலை வெளியே எடுத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி சுவர்த் தட்டில் வைத்தாள். தொதலையும் பலகாரத்தையும் அதன் பக்கத்தில் வைத்தாள். காலியான இடத்தில் நீல மருந்தையும், விளக்கையும், கழுவித் துடைத்த கண்ணாடிக் குழலையும், குளிசைப் போத்தலையும் வைத்துப் பூட்டினாள்.

"இனி என்ட தண்ணிய நானே காய்ச்சுவன்," என்று சொல்லித் திறப்பை முந்தானையில் முடிந்தாள்.

அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள். நாச்சியாவின் கை பழக்கத்தில் தேன் போத்தல் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது. சுபைறா இருமி முடித்தாள். ஒருவரும் தேன் கொண்டுவரவில்லை.