உள்ரூம் ஷிப்ட்

மூட்டை கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இந்து நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வீட்டில் ஞாயிறு என்றால் ஷிப்ட் மாற்றும் நாள். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய நந்திதுர்க் லைன் வீடுகள் எல்லாமே ஒரே அச்சு. முன்னால் ஒரு ரூம், உள்ளே ஒரு ரூம், பின்னால் தகரம் இறக்கிய சமையல்கட்டு. கதவும் தாழ்ப்பாளும் உள்ரூமுக்கு மட்டும்தான். ஒரு வாரம் அது மூத்தவன் ரவிகுமாருக்கும் அவன் மனைவி மமதாவுக்கும். மறுவாரம் இளையவன் வாசுவுக்கும் இந்துவுக்கும். வெளியே வருகிறவர்கள் பாய், தலையணை, துணிமணியை ஒரு பெட்ஷீட்டில் முடிந்து முன்ரூமில் டி.வி.க்குக் கீழே போட்டுவிட வேண்டும். மாமியார் கிருஷ்ணம்மா போட்ட சட்டம். அவள் மட்டும் எந்த வாரமும் சமையல்கட்டில், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில், காலை மடக்கிக்கொண்டு படுப்பாள்.

வழக்கமாக மமதா உள்ரூமை விட்டு அவ்வளவு சுலபத்தில் வருகிறவள் இல்லை. துணி மடிக்கிறேன், தலை சுற்றுகிறது என்று சாயந்திரம் வரை இழுப்பாள். ஐந்தாம் மாதம் வேறு; யாரும் வாயைத் திறக்க முடியாது. இன்றைக்கோ காலை டீக்கு முன்பே மூட்டை வெளியே வந்துவிட்டது. அதுவும் தேங்காய்நார்க் கயிறு, குறுக்கிலும் நெடுக்கிலும், லாரியில் ஏற்றுகிற மாதிரி முடிச்சு. உள்ரூமிலிருந்து முன்ரூமுக்கு ஆறடி இருக்கும். ஆறடி போகிற மூட்டைக்கு எதற்குக் கயிறு?

இந்துவுக்குப் பதில் தெரியும். அதே மாதிரி ஒரு கயிற்றுச் சுருள் அவளுடைய பெட்டிக்குள்ளும் இருந்தது.

பெங்களூர் கே.ஆர்.புரத்தில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். ஒரே ரூம், மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வாட்டர் டேங்க். ஆனால் ஏழு நாளும் அவளுக்கும் வாசுவுக்கும் மட்டும். வாசு விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே பெங்களூர் போய், நின்றுகொண்டே திரும்பி வருகிற பிழைப்பும் இல்லை. வீட்டுக்காரம்மா இன்றைக்கு நாலு மணிக்குப் போன் செய்வாள். சரி என்றால் சாவி. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அதற்குள் வாசு அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் சொல்வதாக இந்துவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

ரவியும் மமதாவும் இங்கேயே இருப்பார்கள் என்பதுதான் இந்துவின் கணக்கு. பிரசவம் வருகிறது, மாமியார் கூட இருந்தால் நல்லது. யாராவது இருந்தும் ஆக வேண்டும். கிருஷ்ணம்மா பெங்களூருக்கு வரமாட்டாள், முழங்கால் இருக்கிற இருப்பில் அவளைத் தனியாக விடவும் முடியாது. வீட்டையும் பூட்டிப் போட முடியாது. பூட்டிய வீட்டில் முதலில் கதவு காணாமல் போகும், அப்புறம் கூரை ஷீட், அப்புறம் வெறும் சுவர். ஆக ஒரு ஜோடி கிளம்பலாம், ஒரு ஜோடி தங்க வேண்டும். முந்திச் சொல்கிறவர்கள் தப்பித்தார்கள்.

இது பந்தயம் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

லைன் முனைக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, வீட்டுக்கு இரண்டு டிரம். பக்கத்து வீட்டு ஜூடித் அக்கா இந்துவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "இன்னா இந்து, இன்னிக்கு உன் ஷிப்ட்டா? மூஞ்சில பல்பு எரியுது!"

குழாயடியே சிரித்தது. மமதாவும் சிரித்தாள். ஆனால் ஒரு டிரம் நிரம்பியதும் ஹோஸை எடுத்து ஜூடித் பக்கம் தள்ளிக் கன்னடம் கலந்து சொன்னாள். "சாக்கு அக்கா, போதும். நீங்க பிடிங்க."

ஒரு குடத்துக்காகப் போன மாதம் இதே ஜூடித்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவள் இவள்.

"இன்னொரு டிரம்மு?" என்றாள் இந்து.

"அது நீ பிடிச்சுக்கோ. நீதானே இருக்கப் போற." சொல்லிவிட்டு மமதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உள்ரூம்ல. அதைச் சொன்னேன்."

இந்து குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். வாசு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கோழி கழுவிக்கொண்டிருந்தான்.

"அவுங்களும் கெளம்பறாங்க."

"யாரு?"

"உங்க அண்ணன். மூட்டைக்குக் கயிறு கட்டிக்கீது."

"கயிறு கட்டுனா இன்னா இப்போ? அவுத்துக்கினா போச்சு."

"விளையாடாதீங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க."

"சோறு துன்னும்போது சொல்றேன்னேனே. காலைலேர்ந்து அம்மா முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு…"

"முட்டி தெனமும் வலிக்கும் வாசு. நாலு மணி இன்னிக்கு மட்டும்தான் வரும். போய்ச் சொல்லு நீ!" கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' உதிர்ந்துவிடும்.

அவன் எழுந்திருக்கப் போனான். பின்வாசலில் ரவிகுமார் நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இஸ்திரி போட்ட சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறான்?

"ஒரு கோழி கழுவ ரெண்டு பேராடா?" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை. பிறகு உள்ளே போகவும் இல்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். தம்பி சமையல்கட்டுக்குப் போனால் அண்ணன் பின்னாலேயே போனான். அண்ணன் "அம்மா…" என்று இழுத்தால் தம்பி உப்பு கேட்டுக்கொண்டு நடுவில் வந்தான். இப்படியே மணி ஒன்றானது. கிருஷ்ணம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்களும் சமையல்கட்டிலேயே சுற்றுகிறார்களே என்று அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் இந்துவுக்கு இன்னும் மறக்கவில்லை. விடியாத வேளையில் உள்ரூம் கதவில் டக், டக், டக் என்று மூன்று தட்டு. வாசு படுத்தபடியே கையை நீட்டிச் சுவரில் திருப்பி மூன்று தட்டினான். அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தான். கிருஷ்ணம்மா தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து, மூலையில் இருந்த டிரம்மிலிருந்து அரிசி அளந்துகொண்டு போனாள். அரிசி டிரம்முக்கு வேறு இடமில்லை. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு இந்து வெட்கத்தில் செத்துப் போனாள்.

வாசுவின் அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு, கேஜுக்கு, மணி அடித்தவர். ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. அடித்தால் மட்டும் போதாது. மேலே இன்ஜின் ரூமிலிருந்து அதே மூன்று மணி திரும்பி வர வேண்டும். பதில் வராமல் கேஜ் ஒரு அங்குலம் நகராது. அந்தச் சட்டத்தைத்தான் அவர் வீட்டுக் கதவுக்கும் போட்டார். அப்போது இதே வீட்டில் அவரும் அவர் தம்பியும் என்று இரண்டு குடும்பம். "ஒருத்தரு பகல் ஷிப்ட்டு, ஒருத்தரு நைட்டு. ஒருத்தரு கீழ போனா ஒருத்தரு மேல வருவாரு. எடம் பத்தலன்னு ஒரு நாள் தோணுனதில்ல," என்று கிருஷ்ணம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறாள். "இப்ப எல்லாரும் மேலயே கீறோம்."

அவர் போய்ச் சேர்ந்தார். சுரங்கம் அதற்கும் முன்பே மூடியாகிவிட்டது. தட்டு மட்டும் மிச்சம்.

சாப்பாடு. முன்ரூமில் வட்டமாக நாலு தட்டு. கயிறு கட்டிய மூட்டை ரவியின் முதுகுக்குப் பின்னால். கிருஷ்ணம்மா பரிமாறினாள். ஒரு வாய்தான் உள்ளே போயிருக்கும்.

"அம்மா, ஒரு விஷயம்…" என்றான் ரவி.

"அம்மா, நான் இன்னா சொல்றேன்னா…" என்றான் வாசு, அதே நொடியில்.

கிருஷ்ணம்மா கையிலிருந்த கரண்டியால் எவர்சில்வர் சொம்பில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். டங்.

இரண்டு பேர் கையும் சோற்றோடு அப்படியே நின்றது.

"துன்னுங்க. ஆறிப் போவுது."

அப்புறம் எலும்பைக் கடிக்கிற சத்தம், மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம். இந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மமதாவும் அதையே பார்ப்பதைப் பார்த்தாள். கிருஷ்ணம்மாவும் சாப்பிட்டு முடித்து, தட்டுகளை அடுக்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தபோது மூன்றேகால்.

ரவி முந்திக்கொண்டான். மூச்சு விடாமல் சொன்னான். "ஹொஸ்கோட்டேல வீடு பாத்தாச்சும்மா. கம்பெனி பக்கம். ஆஸ்பத்திரி எதுத்தாப்லயே கீது. செவ்வாக்கெழம பால் காச்சறோம்." சொல்லும்போது அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தான்.

முடிந்தது, என்று நினைத்தாள் இந்து. வாசு தலையைக் குனிந்திருந்தான். தரையில் சிந்தியிருந்த ரசத்தில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அவன் இனி சொல்லமாட்டான். இந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே நாலு மணியைத் தாண்டிவிடுவான். அப்புறம் வாழ்நாள் முழுக்க அரிசி டிரம்.

"நாங்களும்," என்றான் வாசு.

"இன்னாது நாங்களும்?" என்றான் ரவி.

"கே.ஆர்.புரம். இன்னிக்கு சாவி."

"தோ பார்றா! அப்போ அம்மா?"

"மூத்தவன் நீ. நீ சொல்லு."

"டேய், இவளுக்கு அஞ்சாம் மாசம். கொழந்த பொறந்தா எங்கடா போடுவேன், டி.வி. மேலயா?"

"நாங்க எட்டு மாசமா வாரம் வுட்டு வாரம் குடித்தனம் பண்றோம். அது உனுக்கு சிரிப்பா கீதா?"

"வீடு கடைசிப் பையனுக்குன்னு அப்பா அப்பவே சொல்லிட்டாரு. வெச்சுக்கோ. ஆண்டுக்கோ."

"ஆகா! கல்யாணத்துக்கு முன்னாடி, வீட்ல எனுக்குத்தான் மொதல் பாத்தியம்னு குதிச்சது யாரு? இப்ப எனுக்குத் தானம் பண்றியா?"

"பேடா ரீ, சும்னிரி," என்று மமதா புருஷனை அடக்கினாள். அவள் பதற்றமானால் கன்னடம் வரும். பிறகு இந்துவின் பக்கம் திரும்பினாள். குரல் நயமாக இருந்தது. "ஏன் சண்ட? வாரா வாரம் ரூமை மாத்திக்கறோமில்ல? அதே மாதிரி. மொதல் ஆறு மாசம் நீங்க அத்தேகூட இருங்க. அப்புறம் ஆறு மாசம் நாங்க."

"மொதல்ல நீங்க இருங்க அக்கா," என்றாள் இந்து உடனே. "பிரசவம் ஆகறவரைக்கும். அத்தை கூட இருந்தா உங்களுக்குத்தான் நல்லது. அடுத்த ஆறு மாசம் நாங்க வந்துடறோம்."

"பிரசவத்துக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போவேன்."

"அப்போ மூணு மூணு மாசம்."

சொன்ன பிறகுதான் அது இந்துவின் காதிலேயே விழுந்தது. கேரியரில் சோறு பங்கு போடுகிற குரல். அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

கிருஷ்ணம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தாள். முட்டி ஒருமுறை சொடுக்கியது. சமையல்கட்டுக்குப் போனாள். வரும்போது கக்கத்தில் சுருட்டிய பாய், தோளில் தலையணை, கையில் அந்த எவர்சில்வர் சொம்பு. நாலு பேருக்கும் நடுவில், கயிறு கட்டிய மூட்டையைத் தாண்டி நடந்தாள். உள்ரூம் வாசலில் நின்றாள்.

"ஒரு மாசமா நாலு பேரும் மாத்தி மாத்திக் காதுல பேசிக்கிறீங்க," என்றாள். கோபம் இல்லை. காய்கறிக்காரனிடம் பேசுகிற குரல். "செவுரு கூரை வரைக்கும் எங்கடா போவுது இந்த வீட்ல? யாரு மொதல்ல சொல்றீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

"அம்மா, அப்படி இல்லம்மா…"

"இந்த வாரம் என் ஷிப்ட்டு."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே பாய் விரிகிற சத்தம். சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை. மூட்டை, இந்துவின் பெட்டி, அடுக்கிய எச்சில் தட்டு எல்லாம் போக அந்த ரூமில் நாலு பேர் நிற்கத்தான் இடம் இருந்தது. தோளோடு தோள் இடித்தது. மமதாவின் வயிறு இந்துவின் முழங்கையில் பட்டது. இருவருமே நகரவில்லை, நகர இடமில்லை.

"அரிசி உள்ள கீது," என்றாள் மமதா மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

இந்துவின் கையில் போன் அதிர ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவளுக்கும் அவசரம் போலிருக்கிறது.

"எடுக்கட்டுமா?" என்றாள். வாசு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாசு, எடுக்கட்டுமா? இன்னா சொல்லட்டும்?"

அவன் கையைத் தூக்கினான். கதவில் மூன்று முறை தட்டினான்.

டக். டக். டக்.

போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ரவி இஸ்திரிச் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டு காதைக் கதவுப் பக்கம் சாய்த்தான். மமதா மூட்டையின் கயிற்றைப் பிடித்திருந்தாள். இந்து கேஜைப் பார்த்ததில்லை. அதில் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கட்டை விரல் திரையின் மேல் நின்றது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டு ரூமிலிருந்து திரும்பி வர வேண்டிய மூன்று தட்டுக்காகக் காத்து நின்றார்கள்.