வரி குறைந்த மாதம்

அமெரிக்கா ஐம்பது சதவீதம் வரி போட்டுவிட்டது என்று டி.வி.யில் சொன்ன அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஐம்பது சதவீதம் தள்ளுபடி என்றால் தெரியும், ஆடி மாதம் ஒப்பணக்கார வீதிக்குப் போனால் கடைக்குக் கடை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். வரி யாருக்கோ, நமக்கென்ன என்று மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவுமே தாமதமாகத்தான் புரியும். புரிந்தபின் தூங்கவிடாது.

நான் சூசைமேரி. சிங்காநல்லூரில் பழைய மில்லுக்குப் பின்னால் உள்ள சந்தில், கைக்குழந்தைகளுக்குப் பனியன் தைக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாக, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். மொத்தம் நாற்பது பேர். தைத்ததெல்லாம் ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனிக்குத்தான் போகும். முதலாளி கிருபாசங்கர் சூலூர்ப் பக்கம் தோப்பு உள்ள குடும்பம். என்னைவிட ஆறு வயது இளையவர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல்தான் திட்டுவார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம பனியன் அமெரிக்காவுல எறங்குனா நூத்துக்கு அம்பது வரிங்க. அதே பனியன் பங்களாதேஷ்ல இருந்து போனா இருவதுதானுங்க."

"ஏனுங்க, அவுங்களுக்கு மட்டும் அப்புடி?" என்றாள் நாச்சியம்மாள். எனக்கு அடுத்த மிஷின் அவளுடையது. புருஷன் இல்லை. மகள் நவ்யா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"கவர்மெண்டும் கவர்மெண்டும் பேசிக்கிறதுங்க, நம்மளக் கேட்டா போடறாங்க? அது போக, அங்க ஒரு டெய்லருக்கு மாசம் நம்ம காசுல ஒம்பதாயிரந்தான். இங்க பதினாலாயிரம். ஏழை நாடுன்னு சொல்லி ஐரோப்பாக்காரன் அவுங்ககிட்ட வரியே வாங்கறதில்லீங்க. நாம ஏழைன்னு சொல்லி அழுகவும் முடியாது, பணக்காரனாட்ட நிக்கவும் முடியாது."

"நூலு நம்ம ஊருதானுங்களே?"

"நம்ம ஊரு நூலு அங்கயும் போகுதுங்க. நூலு வித்தவன் பொழச்சுக்குவான். தெக்கிற நாமதான் மாட்டிக்கிட்டோம்."

ஏழையாக இருப்பதிலும் போட்டி உண்டு, அதில் தோற்றாலும் வேலை போகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செப்டம்பரில் அமெரிக்கக் கம்பெனி ஆர்டரை டாக்கா பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு மாற்றியது. மாற்றியதோடு விட்டார்களா? அந்த ஃபேக்டரி டெய்லர்களுக்கு எங்கள் பனியனைத் தைக்க வீடியோவில் சொல்லித்தர வேண்டும், அப்போதுதான் எங்களிடம் பாதி தைத்துக் கிடந்த சரக்கை எடுப்போம் என்றார்கள். வெட்டுகிறவனுக்குக் கத்தியும் தீட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நான் சத்தமாகவே சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை.

"காட்டித்தான் ஆகோணுங்கக்கா. நீங்கதான் காட்டோணும். ஆனா தோள்பட்டை விசயத்த மட்டும் காட்டாதீங்க" என்றார்.

தோள்பட்டை விசயம் என்பது நான் கண்டுபிடித்தது. குழந்தை பனியனின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை வரும். எல்லோரும் அதைச் சுற்றிலும் ஒரே மாதிரி இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், நாலு தடவை துவைத்தால் கழுத்து அலை அலையாக நெளிந்துவிடும். தோள்பட்டை வரும்போது இடது கையைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், துணி தன் போக்கில் போகட்டும் என்று விட வேண்டும். அவ்வளவுதான். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. எங்கள் கழுத்து நெளியாது என்பதற்காகவே அந்தக் கம்பெனி பன்னிரண்டு வருடமாக எங்களை விடவில்லை.

"அவுங்க பனியன் நெளிஞ்சு போகும். வரி எப்பக் கொறஞ்சாலும் அவன் நம்மகிட்டத்தான் வந்தாகோணும். அது ஒண்ணுதானுங்க நமக்கு மிச்சம்" என்றார் முதலாளி. நாற்பது பேருடைய சோறும் அந்த ஒரு கையசைவில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

மூன்று நாள் பாடம். மிஷின் மேல் செல்போனை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பக்கம் ஷிரின் என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த கை, வேகமான விரல்கள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாளும் மேலோட்டமாகக் காட்டினேன், தோள்பட்டையில் நானும் எல்லோரையும் போல இழுத்துப் பிடித்தேன். அவள் பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

மூன்றாம் நாள், முந்தின நாள் தைத்ததை அங்கே துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் நெளிந்த பனியன்களைக் கொத்தாக அள்ளி அவள் முகத்தில் எறிந்தான். திட்டு எந்த ஊரிலும் திட்டுதான், எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் போனதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தைத்தாள். அதே தப்பு. பிறகு இரண்டு கையையும் விரித்து, எங்கே தப்பு என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

முதலாளி அப்போது வாசல் கேட்டில் லோடு வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். கோயிலில் பக்கத்தில் நிற்பவள் ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறவிட்டால்கூட முணுமுணுத்துத் திருத்துவேன். ஒரு பனியனை எடுத்தேன். தோள்பட்டை வந்ததும் இடது கையை எடுத்து, போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். அவள் கையை எடுத்தாள். பட்டை சரியாக உட்கார்ந்தது. அவள் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம்! அதை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பின் உள்ளூர்ச் சில்லறை வேலை மட்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்தான். முதலாளி காரை விற்று எங்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார். பத்துப் பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். நாச்சியம்மாளுக்கு நீலாம்பூரில் ஒரு மில்லில் இடம் கிடைத்தது, போகவில்லை. "நம்ம கழுத்து ஆருக்கு வரும்? மறுக்கா நம்மகிட்டத்தான் வாரானுக பாரு" என்று எனக்கே தைரியம் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் கோபம், பொறாமை, பூசை காணாதது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் வரி பதினெட்டாகக் குறைகிறது என்று செய்தி வந்தது. பங்களாதேஷைவிடக் குறைவு! முதலாளி பெட்டி பெட்டியாக மைசூர்பா வாங்கி வந்தார். நாச்சியம்மாள் அழுதுகொண்டே தின்றாள். போனவர்களில் நாலு பேர் வேலையை விட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். மிஷின்களை எல்லாம் துடைத்து வைத்தோம்.

பத்து நாள் ஆயிற்று, ஆர்டர் வரவில்லை. பதினோராம் நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் ஒரு குழந்தை பனியன் இருந்தது, டாக்காவில் தைத்தது, அமெரிக்கக் கம்பெனி அனுப்பியிருந்தது.

"ஊட்டுல வெச்சு எட்டுத் தடவ தொவச்சேனுங்க. நெளியவே இல்ல" என்றார். பனியனைப் பார்த்தபடியே கேட்டார். "காட்டிப்போட்டீங்களாக்கா?"

"ஆமாங்க."

அவர் பனியனை மெல்ல மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார். கத்தியிருந்தால் தேவலை.

"இனி வரியே இல்லைன்னாலும் அவன் வரமாட்டானுங்க. அங்க ஒம்பதாயிரம், இங்க பதினாலாயிரம், ரெண்டு எடத்துலயும் ஒரே கழுத்து. அவன் என்னத்துக்குங்க இங்க வாரான்?"

வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டார். அமெரிக்காக்காரன் மனசு மாறிவிட்டான், அங்கேயும் நன்றாகத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள், மாதக் கடைசியில் கம்பெனியை மூடுகிறேன் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வந்த அந்த நாலு பேரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் நாச்சியம்மாளும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நவ்யாவின் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்றாள். பிறகு நின்று, ரோட்டோரம் காறித் துப்பினாள்.

"ஏன் மேரி, பதினாறு வருசம் நீ ஒக்காந்து பழகுன வேல. மொதலாளி காட்டாதன்னாரு, நீயும் தோள்பட்டையக் காட்டல. அப்பறம் அந்த ஊர்க்காரிகளுக்கு எந்த நாசமாப் போறவ சொல்லிக் குடுத்தாளோ? அவ கை அழுகிப் போக!"

என்னைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா, அழுகித்தான் போகோணும்" என்றேன்.