பேப்பர் முடியட்டும்

பிச்சைமுத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது அதுதான்: "பெர்லிஸ்ல காலேஜ் படிக்கற புள்ளைக்கு பேப்பர் முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாத."

புருஷன் வார்த்தையைச் சுசீலா காப்பாற்றினாள். பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள் என்று உறவுக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். குருபோங்கில் இருந்த வீட்டிலிருந்து அவர் சவப்பெட்டி போன பிறகும், மகள் தேவிஸ்ரீ போன் செய்தபோதெல்லாம், "அப்பா தூங்கறாரு, நீ படி" என்றாள். தாயென்றால் இவளல்லவா தாய் என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

பரீட்சை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்த தேவிஸ்ரீ, மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றாள். அப்பாவுக்கு வாங்கிய மாம்பழப் பை கையிலேயே தொங்கியது.

"உன் படிப்பு கெட்டுறக்கூடாதுன்னுதாம்மா..." சுசீலா பையை வாங்கக் கை நீட்டினாள்.

"பேப்பர அடுத்த செமஸ்டர் எழுதியிருப்பேன்லம்மா. அப்பாவ எந்த செமஸ்டர்ல பாக்கறது?"