பின்பக்கக் கல்

பெரிய மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது மீன்தொட்டியைத்தான். வாசலுக்கு நேராக நாலடி நீளம், உள்ளே உப்புத்தண்ணீர், கல், பவளம், மீன். பார்வை சரியில்லை என்று வந்தவர்கூட அதன்முன் நின்று ‘அடேயப்பா’ என்பார். அப்படிச் சொல்லாதவருக்கு லென்ஸ் வர ஒரு நாள் தாமதமாகும் என்று அவர் மனைவி கேலி செய்வாள். முழுக்கப் பொய் என்று சொல்வதற்கில்லை.

மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், லிஃப்ட் மெக்கானிக். முறைக்குச் சகலை என்றாலும் கல்யாணமான நாளிலிருந்து இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அண்ணே ஒரு சட்டை போட்டால் அடுத்த மாதம் அவனிடமும் அதே நிறத்தில் ஒன்று இருக்கும். அண்ணே தொட்டி வைத்தார், அவனும் வைத்தான். அவன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று அண்ணே தன் தொட்டிக் கல்லில் கையகலத் துண்டு ஒன்றைப் பச்சைப் பவளத்தோடு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? கடலை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று அரைமணி நேரம் பிரசங்கமும் செய்தார்.

எட்டு மாதம் கழித்துச் சின்ன மாப்பிள்ளையின் தொட்டியில் பழுப்பு நிறத்தில் என்னவோ முளைத்தது. கடல் சாமந்தி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூவும் இல்லை, செடியும் இல்லை, கொட்டுகிற பிராணி. அதில் ஆசைப்பட்டு வளர்க்கிற வகைகளும் உண்டு. இது களை. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். தொடப் போனால் கல்லிடுக்கில் சுருங்கிக்கொள்ளும். சுரண்டினாலோ, விட்டுப்போன ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுப் பிராணியாக எழுந்து நிற்கும். இது தெரியாமல் சின்ன மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுரண்டினான். நாலு நாற்பதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது அவன் யோசனை கேட்டான்.

“இது எங்கேருந்துண்ணே வருது?”

“எங்கேருந்தும் வர்றதில்ல. சுத்தம் இல்லாத தொட்டியில தானா வரும். நீ மீனுக்குத் தீனியா போடற? விருந்துல்ல வெக்கற. என் தொட்டியில ஒண்ணே ஒண்ணு காட்டு பாப்போம். ஆசை மட்டும் இருந்தாப் பத்தாது தம்பி. கிரீஸ் கைய விட்டுத் துழாவினா கடல் எப்படி நிக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். சின்ன மாப்பிள்ளையும் சிரித்தான். பிறகு தன் கைகளைப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அன்றிலிருந்து மீன்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்தான். மீன்கள் இளைத்தன, களை இளைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பெரிய மாப்பிள்ளையின் தொட்டியில் பம்ப் நின்றுபோயிற்று. அதை எடுப்பதற்காகப் பின்பக்கத்துப் பெரிய கல்லைத் திருப்பினார். திருப்பியவர் முழங்கை நனைய அப்படியே நின்றார். கல்லின் முதுகு பூராவும் அதே களை, முப்பதுக்குக் குறையாது. சகலைக்குத் துண்டு வெட்டிய தழும்பு இன்னும் தெரிந்தது, அதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். சின்ன மாப்பிள்ளையின் தொட்டியில் மற்றதெல்லாம் பையில் வாங்கிய காய்ந்த கல். உயிரோடு உள்ளே போனது ஒன்றே ஒன்று, இவர் கையால் கொடுத்தது. யோசித்துப் பார்க்க அதற்குமேல் எதுவும் இல்லை. கல்லைப் பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கஸ்டமருக்குக் கண் டெஸ்ட் பண்ணப் போனார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். நேரில் பார்க்கும்போது, மெதுவாக, சிரித்துக்கொண்டே. அவனே முந்திக்கொண்டு புதன்கிழமை கடைக்கு வந்தான். வேலை உடுப்போடு, உட்காராமல் நின்றபடி பேசினான்.

“அண்ணே, நீங்க குடுத்த பச்சைப் பவளம் செத்துப்போச்சு. நீங்க ஆசையா வெட்டிக் குடுத்தது. நான்தான் ஒழுங்காப் பாத்துக்கல. மன்னிச்சிருங்கண்ணே.”

பெரிய மாப்பிள்ளை அவன் தோளைத் தட்டினார். “சரி விடு, பழகப் பழக வரும்” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் பெருந்தன்மையாக மன்னித்து அனுப்பிவைத்தார். இதைவிடக் கேவலம் உண்டா? அவன் போனபின் அவருக்குத் தன் நாக்கையே பிடிக்கவில்லை. அன்று ஒருவருக்கும் நம்பர் சரியாக வரவில்லை, எல்லாரையும் மறுநாள் வரச் சொன்னார். அதற்கப்புறம் தினமும் மத்தியான இடைவேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றி, திருடனைப்போல் ஒவ்வொன்றாகக் குத்தினார். பத்து சுருண்டு செத்தால் பதினைந்து புதிதாக வந்தது.

சின்ன மாப்பிள்ளை இவர்போல ஒளித்து வைக்கவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டான். வெளியூர்க்காரர் ஒருவர் வழி சொன்னார். ஓடில்லாத கடல் நத்தை ஒன்று இருக்கிறது, விரல் நகத்தளவு, முதுகெல்லாம் வெள்ளை இழை. இந்தக் களையைத் தவிர வேறெதையும் தின்னாது. ஐந்தை வரவழைத்தான். முட்டையிட்டுப் பதினொன்றாயின. நாலு மாதத்தில் தொட்டி துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. சிக்கலும் அங்கேதான். களை தீர்ந்தால் நத்தைக்குப் பட்டினி. அதனால் வேலை முடிந்ததும் அடுத்த தொட்டிக்காரருக்குக் கைமாற்றிவிடுவது வழக்கம். ஆஸ்பத்திரி லேப்காரர் ஒருவர் கேட்டு வைத்திருந்தார், ஆனால் அவர் வீடு மாறிக்கொண்டிருந்ததால் மூன்று வாரம் ஆகும். அதுவரை நத்தைகளுக்குக் களை உள்ள ஒரு தொட்டி வேண்டும்.

“உங்களுக்குத் தெரிஞ்ச யார்கிட்டயாவது களை இருக்காண்ணே?” என்று போனில் கேட்டான். “இல்லேன்னா மூணு நாள்ல எல்லாம் போயிரும்.”

என்கிட்ட இருக்கு. இரண்டே வார்த்தை. பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தார். “ஒரு கஸ்டமர் இருக்காரு” என்றார்.

மறுநாள் காலை அவன் நத்தைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்தான். கொடுக்குமுன் ஒன்று கேட்டான்.

“அந்த வீட்டுல நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரி மீன் ஏதும் இருக்கா?”

இன்ஸ்பெக்டர் என்பது பெரிய மாப்பிள்ளையின் தொட்டியில் கல் கல்லாக மோப்பம் பிடித்து அலையும் கோடு போட்ட ஊதா மீன். கடை திறந்த ஐந்தாம் வருஷத்துக்குச் சின்ன மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. பேர் வைத்ததும் அவன்தான்.

“இருந்தா ஒரு நத்தை மிஞ்சாது, அதான் கேட்டேன்.”

“சேச்சே, ரெண்டே ரெண்டு கோமாளி மீன்தான்.”

“அப்ப சரி. அவர்கிட்ட வெக்கப்பட வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி, ஒருத்தர் முகத்தையும் பாக்க முடியல.”

பெரிய மாப்பிள்ளை மேஜை இழுப்பறையைத் திறந்து அதில் இல்லாத எதையோ தேடினார்.

இன்ஸ்பெக்டரைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டு நாள் வலையோடு மல்லுக்கட்டினார். அது பொந்துக்குப் பொந்து பாய்ந்து அவருக்கு ஆட்டம் காட்டியது. கல்லையெல்லாம் வெளியே எடுத்தால் சுலபமாகப் பிடித்திருக்கலாம், ஆனால் எடுத்தால் கல்லின் முதுகைக் கஸ்டமர்கள் பார்ப்பார்கள். டப்பாவுக்குள் நத்தைகள் வாடிக்கொண்டிருந்தன. இப்போதாவது அவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மூன்றாம் நாள் மத்தியானம் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மீனுக்குக் கண் தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பதினொன்றையும் உறிஞ்சுகுழாயில் எடுத்துக் களை இருந்த இடத்தில் பீச்சினார். ஷட்டருக்குக் கீழே வந்த வெளிச்சம் இன்ஸ்பெக்டருக்குப் போதுமானதாக இருந்தது. தோள்வரை கையை விட்டுத் துரத்தினார். சட்டை நனைந்தது, மூக்குக்கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது ஒன்றுகூட இல்லை.

சின்ன மாப்பிள்ளை தினமும் போன் பண்ணினான். “அந்த வீட்டுல எப்படிண்ணே? தின்னுதா?”

“ம். நல்லா.”

“முட்டை வெச்சிருக்கா? வெள்ளையாச் சுருள் சுருளா இருக்கும்.”

“வெச்சிருக்காம்.” வாய் கூசாமல் வந்தது. “நாலு சுருள்.”

நாலு சுருள் என்று கேட்ட சந்தோஷத்தில் அவன் லேப்காரருக்கும் சேதி சொல்லிவிட்டான். மூன்றாம் வாரம், “நாளைக்கு எனக்கு லீவுண்ணே. அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானே ரெண்டு சுருள் எடுத்துக்கறேன்” என்றான்.

எல்லாம் செத்துப்போச்சாம் என்று சொல்லிக் கைகழுவியிருக்கலாம். அதையும் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் போனை மீண்டும் எடுத்தார். பக்கத்து மேஜையில் இருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையின் கணக்குப் புத்தகமும் ஆர்டர் புத்தகமும் அவள் கையில். வருகிறவர் ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும்.

“யாருங்க அந்தக் கஸ்டமர்?” என்றாள்.

அவர் போனில் நம்பர் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

“பம்ப் மாத்தின அன்னிக்கு உங்க மூஞ்சிய நான் பாத்தேன். கேட்டா அவமானமா இருக்குமேன்னு கேக்கல. அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரையும் சிரிக்க வெச்சீங்கல்ல, என் தங்கச்சி பாத்திரம் கழுவற இடத்துல நின்னு அழுதா. அவ புருஷன் ஒரு வாரம் பெட்ரோல் போட்டுக் கை தேய்ச்சாராம், கிரீஸ் போகலன்னு.”

அவ்வளவுதான் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். கூனிக் குறுகி எவ்வளவு நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் கடை திறந்ததும் பின்பக்கக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் கொண்டுவந்து, அதன் முதுகு வாசலைப் பார்க்கும்படி வைத்தார். சுருங்கியிருந்த களைகள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக விரிந்தன. கண்ணாடி வாங்க வந்த அம்மாள் ஒருவர் புதுசு போட்டுப் பார்த்துவிட்டு, “அடேயப்பா, இது என்ன பூவுங்க, புதுசா இருக்கே?” என்றார்.

“பூ இல்லம்மா. களை.”

பத்து மணிக்குச் சின்ன மாப்பிள்ளை வந்தான். கையில் இரண்டு காலி டப்பா, அண்ணே போட்டிருந்த அதே நிறத்தில் சட்டை. “போலாமாண்ணே?” என்று ஆரம்பித்தவன் தொட்டியைப் பார்த்து நின்றான். அருகில் வந்து குனிந்தான். கல்லில் இருந்த வெட்டுத் தழும்பைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து விரலால் தடவினான். இன்ஸ்பெக்டர் வந்து அவன் விரலுக்கு எதிரே நின்றது.

“கஸ்டமர் யாரும் இல்ல” என்றார் பெரிய மாப்பிள்ளை. “நத்தை பதினொண்ணும் போச்சு. போட்ட அன்னிக்கே இது தின்னுடுச்சு. முட்டைன்னு சொன்னது பொய். உன் தொட்டிக்குக் களை வந்ததும் இந்தக் கல்லுலேருந்துதான்.”

அவன் நிமிரவில்லை. பழுதான மெஷினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவன் மாதிரி குனிந்தே இருந்தான். பிறகு நிமிர்ந்து மெதுவாகக் கேட்டான்.

“பவளம் செத்துப்போச்சுன்னு இங்க வந்து மன்னிப்புக் கேட்டேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல இடம் இருந்தது. சொன்னால் நம்புவான். அதைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரிதான் அவன் முகம் இருந்தது.

“தெரியும்” என்றார். “அதுக்கு நாலு நாள் முன்னாடியே தெரியும்.”

சின்ன மாப்பிள்ளை தலையாட்டினான். காலி டப்பாக்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“லேப்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

வாசல்வரை போனவன் திரும்பி, “வர்றேங்க” என்றான். பன்னிரண்டு வருஷத்தில் அண்ணே என்று சொல்லாமல் அவன் கிளம்பியது அன்றைக்குத்தான்.