நூலில்லாத கோடு

"மூணாவது தடவையா வயித்தைத் திறக்கிறீங்கக்கா. பேசாம ஒரு ஜிப் வச்சு விட்டுடுங்க" என்றான் எக்ஸ்பிரஸ். அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். தள்ளும் வேகத்துக்குக் கிடைத்த பெயர் அது. இன்று அவனே அதில் படுத்து வந்திருந்தான். நர்ஸக்கா சிரித்துவைத்தாள். மயக்க மருந்து ஏறி அவன் கண் சொருகிய பிறகுதான் அந்தச் சிரிப்பை விட்டாள்.

குடலில் போட்ட தையல் இரண்டு முறையும் விட்டுப்போயிருந்தது. ஊசி குத்திய துளையெல்லாம் கிழிந்து, நைந்த துணிபோல ஆகிவிட்டது. இன்னொரு முறை கசிந்தால் ஆள் தாங்கமாட்டான் என்று டாக்டரம்மா அவன் மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால்தான் இன்று தையல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் கலந்த பசை, அதன்மேல் லேசர். ஒளி பட்டதும் துகள்கள் சூடேறி, பசையைச் சதையோடு சதையாக ஒட்டிவிடுமாம். இந்தத் தியேட்டரில் அவன்தான் முதல் ஆள். எதிலும் முந்திக்கொள்வதே அவனுக்குப் பிழைப்பு.

கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்ததும் டாக்டரம்மா கையை நீட்டினார். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஊசி கோத்து வைத்திருந்த இடுக்கியை நர்ஸக்கா அதில் வைத்தாள். அவரும் வாங்கி, ஊசிமுனையைக் குடல்வரை கொண்டுபோய்விட்டார். இருவரும் ஒரே நேரத்தில் விறைத்து நின்றார்கள்.

"நல்லவேளை! நம்ம கை நம்மளைக் கேக்காமலே வேலை பாக்குது" என்றார் டாக்டரம்மா.

"பழக்கதோஷம் டாக்டர்" என்று அவள் அதைத் திரும்ப வாங்கித் தூரத் தள்ளி வைத்தாள்.

முனைகள் சேர்ந்த இடத்தைச் சுற்றி ஊதா நிறப் பசையைத் தடவிவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். பசையின்மேல் லேசர் கருவி மெல்ல நகர்ந்தது. புகையில்லை, சத்தமில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்குக் கோபமே வந்தது.

பிறகு வயிற்றுக்குள் உப்புநீர் ஊற்றி, குடலை மூழ்கடித்து, கீழ்வழியாகக் காற்று ஏற்றினார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான். ஒரு குமிழி கிளம்பியது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதீங்க, மடிப்புல ஒட்டியிருந்த காத்து" என்று டாக்டரம்மா விரலால் தடவிக் காட்டினார். "இன்னும் ஏத்துங்க."

குடல் உப்பியது. வேறு குமிழி வரவில்லை. அதோடு அந்த ஊதாக் கோடும் விரிந்தது. நூலில்லை, முடிச்சில்லை, ஒரு துளையில்லை. எத்தனையோ வயிறுகளை மூடிப் பார்த்தவள்தான். "கடவுளே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். தாங்குமா என்பது வரும் நாட்களில்தான் தெரியும். ஆனாலும் யாரும் நிமிரவில்லை. தெளிந்த நீருக்கடியில் அந்தக் கோடு, அவன் மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.