அப்பாவின் கட்டம்

அண்ணனுக்குக் கொள்ளுத் தாத்தாவின் அப்பா கிடைத்துவிட்டார். எனக்கு அப்பாவின் அளவில் டயப்பர் கிடைக்கவில்லை. இரண்டு செய்திகளும் ஒரே தொலைபேசிப் பேச்சில்தான் வந்தன. ஆனால் அவனுடைய செய்தி முதலில் வந்து, கடைசிவரை அதுவே உட்கார்ந்துகொண்டது.

"அவருக்கு ரெண்டு சம்சாரமாம் பாப்பா! இத்தனை நாளா நமக்கு யாரும் சொல்லவே இல்ல பாரு."

ஐம்பது தாண்டிய பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். மருந்துக் கடையில் காலி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நல்லதுண்ணா" என்றேன். செத்துப்போன மனிதருக்கு எத்தனை சம்சாரம் இருந்தால் என்ன, அதில் எனக்கு ஒரு கை ஒத்தாசையாவது கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். அலுப்பில் கேட்கவில்லை.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று சில மாதங்கள் ஆகின்றன. இருப்பது வேறு ஊரில், ரயிலில் ஒரு பகல் பயணம். ஓய்வுபெற்ற முதல் வாரம் வீட்டுக் குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டினான். இரண்டாவது வாரம் அண்ணி அவனிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு கணினி முன்னால் உட்கார வைத்தாள். அங்கேதான் வம்சாவளி தேடித் தரும் அந்த இணையதளம் அவன் கண்ணில் பட்டது. கொஞ்ச நாள் இலவசம், அதற்குப் பிறகு சந்தா. இலவசக் காலம் வருகிற ஞாயிறோடு முடிகிறது. சந்தாவில் பாதியை நான் தர வேண்டும் என்பது அண்ணியின் நிபந்தனை. ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாதானே, ஒருத்தர் மட்டும் எதுக்குக் கட்டணும் என்றாளாம். அண்ணி கணக்கில் கெட்டிக்காரி.

"யோசிச்சுச் சொல்லு பாப்பா. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்றான்.

"நீ எப்பண்ணா வர்ற?"

"வர்றேன், வர்றேன். இந்த வம்ச மரம் ஒரு வழிக்கு வந்துரட்டும்."

இதுதான் விஷயம். என் வலது மணிக்கட்டில் ஒரு நரம்பு நெரிபடுகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, டம்ளர் தானாக நழுவுகிறது. கீறிச் சரிசெய்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எந்தக் கனமும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வாழ்க்கையில் கனம் என்றால் அப்பாதான். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறார், ஆனால் அவருக்கே இடுப்பு வலி. காலையிலும் மாலையிலும் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் மாற்றுவது நான் ஒருத்திதான். ஆகவே அண்ணன் வந்தால்தான் ஆபரேஷன். அண்ணனோ மரம் முடிந்தால்தான் வருவான். மரம் என்றைக்கு முடியும்? ஒவ்வொரு தாத்தாவுக்கும் ஓர் அப்பா இருந்து தொலைக்கிறாரே.

மறுநாள் வேலையில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆன்லைன் கடை ஒன்றின் கிடங்கில், வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்களைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் இருக்கிறேன். பெட்டியைக் கீறித் திறந்து, உள்ளே இருப்பதைச் சோதித்து, திருப்பியதற்கு அவர்கள் சொன்ன காரணம் சரிதானா என்று கணினியில் பதிய வேண்டும். 'அளவு சரியில்லை' என்று திரும்பி வரும் சட்டையின் கழுத்தில் வியர்வை வாசனை இருக்கும். அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது, விருந்துதான் முடிந்துவிட்டது. இந்த வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு யார் காரணம் சொன்னாலும் முதலில் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

அன்றைக்குக் கத்தியை மூன்று தடவை கீழே போட்டேன். மேற்பார்வையாளர் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் முடிவு செய்தேன், பாதிச் சந்தாவைக் கட்டிவிடலாம். அண்ணன் குளிர்ந்துபோவான். மரத்தைச் சீக்கிரம் முடிப்பான். முடித்தால் வருவான். ஊரில் எல்லோரும் முன்னோரைத் தேடிச் சந்தா கட்டுவார்கள், நான் அண்ணனை வரவழைக்கக் கட்டப்போகிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, குளியலறை வாசலில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. "அப்புறம்."

பசித்தாலும் அப்புறம்தான், போதுமென்றாலும் அப்புறம்தான். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, அவருக்குச் சொல்லத்தான் முடியவில்லை என்றார் பேச்சுப் பயிற்சி தந்த பெண். அதனால் நான் குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். நீட்டிச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் தலையணை சரியில்லை. தூக்கி உட்கார வைக்கும்போது, தான் தயார் என்பதற்கு இடது கையை உயர்த்திக்கொண்டு மெதுவாக ஒரு தடவை சொல்வார். அந்த ஒன்றை மட்டும் கேட்க எனக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணன் அனுப்பியிருந்த இணைப்பை போனில் திறந்தேன். மரத்தில் நானும் கை வைக்கலாம் என்று எனக்கும் அனுமதி கொடுத்து வைத்திருந்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் சரக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது தொழில் பழக்கம்.

கட்டம் கட்டமாக விரிந்தது. பெண்களுக்கு ஒரு நிறம், ஆண்களுக்கு ஒரு நிறம். மேலே போகப் போக எல்லாரும் மங்கலாக இருந்தார்கள். அண்ணனின் கட்டத்துக்குக் கீழே அண்ணியோடு சேர்ந்து இரண்டு பிள்ளைகள், ஒரு பேத்தி. என் கட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவளின் கட்டம் அப்படித்தான் இருக்கும். வாடகைக்கு விடலாம் போல அவ்வளவு காலி இடம்.

அம்மாவின் கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அம்மா போய்ப் பல வருடமாகிறது, சரிதான். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் கட்டமும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

விரலை வைத்தேன். அப்பாவின் பழைய படம், மீசையோடு. பிறந்த தேதி. அதற்குக் கீழே, 'மறைந்தவர்'. அதற்கும் கீழே ஒரு தேதி.

எனக்குத் தெரிந்த தேதிதான். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றிலும் முதல் வரியில் இருக்கிற தேதி.

அண்ணனைக் கூப்பிட்டேன். "என்ன பாப்பா, கட்டிடலாமா?" என்றுதான் ஆரம்பித்தான்.

"அப்பாவோட கட்டத்துல என்ன போட்டிருக்க?"

"எதைச் சொல்ற?"

"மறைந்தவர்னு."

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அட, அது ஒண்ணுமில்ல பாப்பா. உயிரோட இருக்கறவங்க பேர்ல அந்த சைட்டுக்காரங்க எதையும் தேட விடமாட்டாங்க. அது அந்தரங்கமாம். அப்பாவைத் தாண்டி மேல போகணும்னா அங்க ஒரு டிக் போட்டாத்தான் வழி திறக்குது. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களாம். வெறும் டிக்தானே?"

"தேதி?"

"தேதி போடாம விடாது."

"அதுக்கு அந்தத் தேதியா போடணும்?"

"எந்தத் தேதி?"

"அவர் குளியலறை வாசல்ல விழுந்த தேதி."

அண்ணனைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் அவனுக்குப் பொய் சொல்ல வராது. "யோசிச்செல்லாம் போடல பாப்பா. தேதி கேட்டுச்சு. கைக்கு அதுதான் வந்துச்சு" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. வந்தது துக்கம். அவன் மனதில் அப்பா அன்றைக்கே போய்விட்டார். அப்படியென்றால் இந்த இரண்டு வருடங்களாக நான் முதுகு துடைத்தது யாருக்கு? மசித்த சாப்பாட்டை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது யாருக்கு? அப்பா சாப்பிட்டாரா தூங்கினாரா என்று அண்ணன் ஒரு நாளும் கேட்காததற்கு இதுதான் காரணம். போனவரைப் பற்றி என்ன கேட்பது? கொடுமை என்னவென்றால், அந்தத் தேதி அவன் கைக்கு ஏன் வந்தது என்று எனக்கும் விளங்கியது. சத்தமாகச் சிரித்து, ஊர் லிஃப்டையெல்லாம் திட்டிக்கொண்டே பழுது பார்த்த ஒரு மனிதர் அந்த வாசலைத் தாண்டி வரவில்லைதான். வந்தது வேறு ஒருவர். அவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

"அப்புறம்?" என்றார் அப்பா. இடது கை போனைப் பார்த்து நீண்டது.

காட்டுவதா வேண்டாமா என்று தயங்கினேன். அவர் விடவில்லை. படத்தைக் காட்டினேன். மீசையைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் மேலே போனது. பிறகு கண்கள் கீழே இறங்கின. எழுத்துகள் அவருக்குப் பிடிபடுகின்றனவா என்று யாராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணன் தெரியாமப் போட்டுட்டான்பா" என்றேன். "நான் மாத்திடறேன்."

'மறைந்தவர்' என்பதில் இருந்த டிக்கை எடுத்தேன். உடனே ஓர் எச்சரிக்கை வந்தது. இவர் உயிருடன் இருப்பவராக மாற்றப்பட்டால் இவர் வழியாகக் கிடைத்த பதிவுகள் யாவும் மறைக்கப்படும், தொடரலாமா? மங்கலாக மேலே நின்ற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தேன். இரண்டு சம்சாரக்காரர் உட்பட. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். சாம்பல் நிறம் போய்விட்டது.

சந்தா கட்டுங்கள் என்று கேட்ட பக்கத்தை மூடினேன். மூடிய கையோடு மருத்துவமனைக்கு போன் செய்து, ஆபரேஷனுக்கு எப்போது இடம் இருக்கிறது என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார்கள். யாரையும் கேட்காமல் சரி என்று சொன்னேன்.

அண்ணன் உடனே கூப்பிடுவான் என்று தெரியும். கூப்பிட்டான்.

"பாப்பா, என்ன பண்ணித் தொலைச்ச? கொள்ளுத் தாத்தா, அவரோட அப்பா, எல்லாரும் போயிட்டாங்க!"

"அவங்க போய் ரொம்ப நாளாச்சுண்ணா."

"விளையாடாத. எவ்வளவு நாள் கண்ணு முழிச்சு உழைச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாத விஷயமா அது. "அண்ணா, நான் சந்தா கட்டப்போறதில்ல. நீ கட்டுறதுன்னா கட்டிக்கோ, அப்பாவை மறுபடியும் கொல்லணும்னா கொன்னுக்கோ. அது உன் கைல இருக்கு. ஆனா வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். அன்னைலேருந்து என்னால அவரைத் தூக்க முடியாது. அவரு தூக்கி உட்கார வைக்க வேண்டிய ஆளு. உயிரோட இருக்காரு."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. உடையக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

ஏதாவது காரணம் சொல்வான், அண்ணிக்கு உடம்பு சரியில்லை, ரயிலில் இடம் கிடைக்காது என்று ஏதாவது. கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கத் தயாராகக் காத்திருந்தேன். அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுதானா என்று தெரியாது. மூக்கை உறிஞ்சினான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"எப்படித் தூக்கணும்?" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன?"

"அவரை எப்படித் தூக்கறது? எனக்குத் தெரியாதே பாப்பா. எங்கயாவது வலிச்சுடாதா?"

இரண்டு வருடங்களில் அப்பாவைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"வலது தோளைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அதை மட்டும் மறந்துராத. மொதல்ல அவர் முகத்துக்கு நேரா குனிஞ்சு நிக்கணும். தூக்கப் போறேன்பான்னு சொல்லணும். அப்புறம் அவரோட இடது கைய எடுத்து உன் தோள்மேல போட்டுக்கணும்."

நான் அண்ணனுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் அப்பா இடது கையை மெதுவாக உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்.