கரை தட்டிய கட்டடம்

கடற்படையில் ஒரு வினோத ஏற்பாடு உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஒரு மாலுமிக்குச் சம்பளம் கொடுக்கவோ தண்டனை கொடுக்கவோ, அவன் ஏதாவது ஒரு கப்பலைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும். அப்படியானால் கரையில் வேலை பார்ப்பவனை என்ன செய்வது? அவனுடைய அலுவலகத்தையே கப்பல் என்று பதிந்துவிடுவார்கள். பெயர் வைத்துக் கொடி ஏற்றினால் தீர்ந்தது. அதன் பிறகு தரைக்குப் பெயர் மேல்தளம். வாசலைத் தாண்டி டீ குடிக்கப் போகிறவன் 'கரைக்குப் போகிறான்'.

துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு தையல் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நின்ற மாடிக் கட்டடம் அப்படிப்பட்ட ஒரு கப்பல். போர் தொடங்கியதும் அதற்குக் கேப்டனாக வந்தவருக்குக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். ஆனால் நிர்வாகத்தில் புலி.

போர்க்கப்பல்களுக்குப் பூட்ஸ், போர்வை, சோப்பு அனுப்புவது அந்தக் கட்டடத்தின் வேலை. அவர் வருவதற்கு முன் பூட்ஸ்கள் பெட்டி பெட்டியாகக் களவு போய்க்கொண்டிருந்தன. அவர் இடது கால் பூட்ஸ்களை மேல் மாடியிலும் வலது கால் பூட்ஸ்களைக் கீழ்த்தளத்திலும் வைத்துப் பூட்டி, சாவிகளை ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரிடம் கொடுத்தார். ஒற்றைக் கால் பூட்ஸை எந்தத் திருடன் எடுப்பான்? களவு அன்றோடு நின்றது.

அவருடைய வீடு எதிர்ச்சாரியில். போர்க்காலத்தில் கேப்டன் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது விதி. அதனால் தெருவைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனதே இல்லை. மனைவி பால்கனியிலிருந்து பேசுவாள்.

"ஏங்க, எதிர்த்தாப்ல இருந்துக்கிட்டே கடல் கடந்து போன மாதிரி பண்றீங்களே! ஒரு வேளை சாப்பிடவாவது வாங்க."

"கேப்டன் கப்பல விட்டு இறங்கக் கூடாதும்மா."

"கப்பலாம் கப்பல்! தையல்காரர் அதுமேலதான் சைக்கிளச் சாத்தி வச்சிருக்காரு."

அவளுடைய அண்ணன் நிஜமான போர்க்கப்பலின் கேப்டன். ஏற்கெனவே ஒரு கப்பல் அடிபட்டு மூழ்கி, நீந்திப் பிழைத்தவர். விடுமுறையில் வந்தால் அதே பால்கனியில் உட்கார்ந்து வம்பிழுப்பார்.

"மாப்ள, போன தடவை நீ அனுப்பின பூட்ஸ் அத்தனையும் இடது கால். என் ஆளுங்க நொண்டியடிச்சிக்கிட்டு சண்ட போடணுமா?"

"சாவிக்காரங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம், மச்சான். அடுத்த சரக்குல வலது வரும்."

தலைமையகத்துக்கு இதெல்லாம் தெரியாது. குண்டுக்குப் பயந்து அது மலைமேல் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே யாரோ கப்பல்களின் கணக்கைப் புரட்டியபோது ஒரு கப்பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. போர் தொடங்கியதிலிருந்து ஒரு குண்டு பட்டதில்லை. ஓர் ஆள் சாகவில்லை. ஒரு சொட்டு எண்ணெய்கூடச் செலவில்லை. இப்படி ஒரு தலைமையா! உடனே மெடல் அறிவித்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை விழா.

கேப்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சானுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்த இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இவ்வளவு நல்ல கப்பலை யார்தான் சும்மா விடுவார்கள்? புதன்கிழமை காலை தந்தி வந்தது. உதவி அதிகாரி உணர்ச்சியே இல்லாமல் வாசித்தார்: "உடனே புறப்படவும். வடமுனையில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல். அங்கே ஒரு போர்க்கப்பல் உங்களுக்காகத் தனியாகக் காத்திருக்கும்."

தந்தியில் அதன் பெயரும் இருந்தது. அது மச்சானின் கப்பல்.

"நங்கூரம் தூக்கட்டுமா, சார்?"

"விளையாடாதய்யா!"

கேப்டன் தந்தியோடு ஜன்னலுக்கு வந்தார். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடற்படையின் ரகசிய உத்தரவைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்தார்.

"உங்க கட்டடம் வரும்னு எங்கண்ணன் நடுக்கடல்ல காத்துட்டு நிப்பானா?"

"இது கட்டடம்னு சொன்னா மெடல் போயிடுமே!"

"அண்ணன் போயிட்டா?"

தையல் கடையில் மிஷின் நின்றது. கேப்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உதவி அதிகாரியைப் பார்த்தார்.

"எழுதுங்க. கரை தட்டி நிற்கிறோம். நகர வழியில்லை. உடனே வேறு கப்பல் அனுப்பவும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வேறு கப்பல் போனது. மச்சான் முழுசாகத் திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை விழா மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. கப்பல் கரை தட்டினால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்பது கடற்படையின் இன்னொரு விதி.

மலையிலிருந்து மூன்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு மூவரும் பல் டாக்டரின் வரவேற்பறையில் நெடுநேரம் குசுகுசுத்தார்கள். கட்டடத்துக்குப் புறப்படும் உத்தரவு போட்டது தலைமையகம். கையெழுத்துப் போட்டவரோ, மூவருக்கும் மேலதிகாரி.

தீர்ப்பு வந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் கப்பல் கரை தட்டியது. இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையாமல், ஒருவருக்கும் சிராய்ப்பு இல்லாமல் காத்த கேப்டனுக்கு இரண்டாவது மெடல்.

விழாவில் மச்சான் அவர் காதருகே குனிந்தார். "ரெண்டு தெரு தாண்டி வந்து கரை தட்டணும்னா என்னா வேகத்துல வந்திருப்ப, மாப்ள!"

தீர்ப்பின் கடைசிப் பத்தியை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரை தட்டிய கப்பல், மற்ற கப்பல்கள் விலகிப் போவதற்காக, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு உருண்டைகளைத் தொங்கவிட வேண்டும். மொட்டை மாடியில் தொங்கவிட்டார்கள். கப்பல் மீண்டும் மிதக்கும்வரை கேப்டன் அதை விட்டு இறங்கக் கூடாது. அதையும் அவரே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டார். ஏற்காவிட்டால் இரண்டு மெடலும் இல்லை.

போர் முடிந்தது. உதவி அதிகாரி ஊருக்குப் போனார். சாவிக்காரர்கள் பேசிக்கொள்ளாமலேயே விடைபெற்றார்கள். மச்சான் பென்ஷன் வாங்கிக்கொண்டு பால்கனியில் நிரந்தரமாக உட்கார்ந்தார். கேப்டன் இரண்டு மெடல்களோடு ஜன்னலில் நின்றார்.

ஒரு மத்தியானம் மனைவி இடுப்பில் குடத்தோடு தெருவைத் தாண்டி வந்து, சுவரோரமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தன குடம் ஊத்தினா மிதக்கும்னு மட்டும் சொல்லுங்க."